கழுவி வைத்த பாத்திரங்கள்

நெருப்பைக் கண்டுபிடித்த நாள், சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள், இந்த இரண்டுக்கும் அடுத்தபடியாக மனித குலம் நினைவில் வைக்க வேண்டிய நாள் ஒன்று உண்டென்றால், அது தன் மகளின் கம்பெனி மெஷின் தன் வீட்டு அடுப்படிக்குள் வந்து இறங்கிய நாள்தான் என்று டெப்போக்காரர் சொன்னார். மெஷின் அடுப்படிக்குள் போகவில்லை. கதவு அகலம் போதவில்லை. இரண்டு ஆட்கள் தூக்கி, திருப்பி, சாய்த்து, நிலைக்கட்டையில் ஒரு முழ நீளத்துக்குப் பெயின்டை உரித்துவிட்டு, கடைசியில் அதை ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். தண்ணீர்க் குழாயை அடுப்படியிலிருந்து தரையோடு இழுத்திருந்ததால் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. யார் தாண்டினாலும் டெப்போக்காரர் "பார்த்து, பார்த்து" என்றார். அது குழாய்மேல் இருந்த அக்கறை.

அது பாத்திரம் கழுவும் மெஷின். டெப்போக்காரரின் மகள் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. புது மெஷின் எதுவானாலும் கடைக்குப் போகும் முன் கம்பெனி ஆட்களின் வீடுகளில் சில வாரங்கள் குடியிருக்க வேண்டும். இன்ஜினியர் வீட்டில் ஒன்று, விற்பனைத் தலைவர் வீட்டில் ஒன்று, டைரக்டர் வீட்டில் ஒன்று, இப்படிப் பல வீடுகள். வீட்டுச் சோதனை என்று அதற்குப் பெயர். எல்லா வீட்டிலிருந்தும் வரும் செய்தியைக் கேட்டு, அலசி, "இது போகலாம்" என்றோ "இது போகக்கூடாது" என்றோ சொல்ல வேண்டியவள் மகள். அவள்தான் அந்த மெஷினுக்கு ப்ராடக்ட் மேனேஜர்.

எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினைப் பார்க்க வந்தபோது இந்த உத்தியோகத்தைப் பற்றி விசாரித்தார்.

"ப்ராடக்ட் மேனேஜர்னா என்னங்க வேலை?"

"ப்ராடக்டுக்கு மேனேஜர்."

"அது சரி. பாப்பாவுக்குக் கீழ எத்தனை பேரு?"

"எல்லாரும்தான்" என்றார் டெப்போக்காரர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

இதே கேள்வியை அவர் மகளிடம் ஏற்கெனவே கேட்டிருந்தார். கிடைத்த பதில் வேறு.

"எனக்குக் கீழ யாரும் இல்லப்பா."

"மேல?"

"கிட்டத்தட்ட எல்லாரும்."

"அப்புறம் என்னம்மா மேனேஜர்?"

"மெஷின் நல்லா வந்தா இன்ஜினியர் செஞ்சது. நல்லா வித்தா சேல்ஸ் வித்தது. ரெண்டும் நடக்கலைன்னா நான் கெடுத்தது. அதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல, அதான் மேனேஜர்."

டெப்போக்காரர் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் டிரைவர் கெட்டிக்காரன், தாமதமானால் டைம் கீப்பர் தூங்கிவிட்டான். அவருக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. ஆனால் தெருவுக்கு அப்படியே சொல்ல முடியுமா? சொந்த உத்தியோகத்தைப் பற்றியே அவர் தெருவில் அப்படிச் சொன்னதில்லை.

மகளின் வேலையில் பாதி, முடியாது என்று சொல்வது. அதையும் எதிராளிக்கு வலிக்காமல், முடிந்தால் அவரே சொன்ன மாதிரி சொல்வது. மெஷின் கழுவி முடித்ததும் கம்பீரமான ஆண் குரலில் "பணி நிறைவுற்றது" என்று பேச வேண்டும் என்பது டைரக்டரின் கனவு. குரல்கூடத் தேர்வாகிவிட்டது, அவருடையதுதான். மகள் எதிர்த்துப் பேசவில்லை. ஒருநாள் மத்தியானம் அவரை ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு அழைத்துப் போனாள். கைக்குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது. மாதிரி மெஷின் பேசியது. குழந்தையின் அம்மா டைரக்டரைப் பார்த்த பார்வையில் அவருக்கு வேர்த்துவிட்டது. மறுநாள் மீட்டிங்கில் அவர் மேஜையைத் தட்டி, "நம்ம மெஷின் வாயே திறக்கக் கூடாது, இது என் முடிவு" என்று அறிவித்தார். மகள் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவள் தன் வீட்டில் கோட்டைவிட்டாள்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவள் கேள்விகளை ஆரம்பிப்பாள். அம்மா, அப்பா, கணவர் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கணவர் முனைக்கடையில் ரொட்டி போடுகிறவர். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. கடையில் இடம் போதாததால் பாதி மாவை வீட்டில் பிசைந்துதான் எடுத்துப் போவார். வீட்டில் எந்நேரமும் புளித்த மாவின் வாசனை இருக்கும். பெரிய பெரிய கிண்ணங்களில் மாவு காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.

"சொல்லுங்க. இந்த வாரம் மெஷின் எப்படி இருந்துச்சு?"

"கண்ணாடிதான்" என்றாள் அம்மா.

"ஒண்ணுல கூட எதுவும் ஒட்டியிருக்கலையா?"

"மூஞ்சி பார்த்துத் தலை சீவலாம்."

"மாவுக் கிண்ணம்?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார் கூரையைப் பார்த்தார். "கிண்ணம் பிரமாதம்" என்றார் மாப்பிள்ளை. "கடையில இருக்கறதையும் கொண்டுவந்து போடலாமான்னு பார்க்கிறேன்."

"குறையே இல்லையா? குறை சொன்னாத்தான் எனக்கு உதவி. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

டெப்போக்காரர் தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு குறை. மெஷின் மேல உன் பேர் இல்ல."

மற்ற வீடுகளிலும் இப்படித்தான் சொன்னார்கள். எங்கும் குறை இல்லை. மகள் நூற்றுக்கு நூறு என்று ரிப்போர்ட் கொடுத்தாள். விற்பனைத் தலைவர் அதைப் படித்த கையோடு பெட்டிகளை அச்சடிக்கக் கொடுத்துவிட்டார். பெட்டியின் நான்கு பக்கமும் மேல்பக்கமும் ஒரே வாசகம், "அரை மணி நேரத்தில் பளபளப்பு". அறிமுக விழாவுக்கு மண்டபம் பேசியாகிவிட்டது. டெப்போக்காரர் தெருவில் வீடு வீடாகப் போய் அழைத்தார். தையல்காரர் விழாவுக்கென்று தனக்கே ஒரு சட்டை தைத்துக்கொண்டார். பாக்கி இருந்தது ஒன்றுதான். அடுத்த வாரம் நடக்கும் மீட்டிங்கில் மகள் எழுந்து "போகலாம்" என்று சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பஸ்கள் நின்றுவிடும் என்று ஆபீஸில் எல்லோரையும் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, குடையிருந்தும் நனைந்து, மகள் வீட்டுக்கு வந்தபோது வாசல் கதவு சாத்தியிருந்தது. பூட்டவில்லை. உள்ளே தண்ணீர் விழும் சத்தமும், கம்பித் தேய்ப்பானால் எதையோ மும்முரமாகத் தேய்க்கும் சத்தமும் கேட்டன.

"அந்தக் கரண்டியைக் குடு. காம்புல இன்னும் இருக்கு பாரு" என்று அப்பாவின் குரல்.

"போதுங்க. மீதியை மெஷின் பார்த்துக்கட்டும்" என்று அம்மாவின் குரல்.

"எதைப் பார்த்துக்கும்? ஒண்ணும் இருக்கக் கூடாது. ரிப்போர்ட் போகுது."

மகள் எட்டிப் பார்த்தாள். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு டெப்போக்காரர் தொட்டி முன்னால் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை ஒரு மழுங்கிய கத்தியால் கிண்ணத்து மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அம்மா ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, திருப்தியானபின் குழாயைத் தாண்டி ஹாலுக்குப் போய் மெஷினுக்குள் அடுக்கினாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குப் பவுடர் போட்டு அனுப்புகிற மாதிரி ஒவ்வொரு தட்டையும் அனுப்பினாள். எல்லாம் அடுக்கி முடிந்ததும் டெப்போக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, டெப்போவில் வண்டிக்கு விசில் கொடுக்கிற முகத்தோடு பட்டனை அழுத்தினார்.

திரும்பினால் வாசலில் மகள்.

மெஷின் தண்ணீரை அடிக்கத் தொடங்கியது.

"சீக்கிரம் வந்துட்டியே" என்றாள் அம்மா.

"எத்தனை நாளா இது?"

"எது?"

"அம்மா."

"மழையில நனைஞ்சிருக்க. முதல்ல தலையைத் துவட்டு."

"எத்தனை நாளா?"

மாப்பிள்ளைதான் சொன்னார். கத்தி இன்னும் கையில் இருந்தது. "வந்த அன்னையிலேருந்து."

"நீங்களுமா?"

"மாமா சொன்னாரு."

"மாப்பிள்ளை, நான் யோசனைதான் சொன்னேன். சுரண்டுறதுக்குக் கத்தி எடுத்தது நீங்க."

மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் குளம் கட்டியது. "எதுக்கும்மா? ஒரு மெஷின் வாங்கறதே கழுவாம இருக்கறதுக்குத்தானே?"

"வாங்கினதா இருந்தா பரவால்ல. இது உன் ஆபீஸ் மெஷின்" என்றாள் அம்மா. அவள் குரலில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. கொஞ்சம் கோபம்கூட இருந்தது. "உன் ஆபீஸ் மெஷின்ல எச்சில் தட்டை வைக்கச் சொல்றியா? நாளைக்கு உங்க ஆளுங்க வந்து திறந்து பார்ப்பாங்க. மேனேஜர் வீட்டு லட்சணத்தைப் பாருன்னு சொல்ல மாட்டாங்களா?"

"அது அழுக்கைக் கழுவுற மெஷின்மா. அழுக்கைப் பார்த்தா சந்தோஷப்படுவாங்க."

"நீ சொல்லுவ. பேரு எனக்குல்ல போகும்."

டெப்போக்காரர் சுருட்டிய பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார். "உன் மெஷின் ஃபெயிலாயிட்டா உனக்குத்தானே கெட்ட பேர்? வீட்டுல மூணு பேர் இருந்துக்கிட்டு அதை வேடிக்கை பார்க்கறதா?"

மகள் நினைத்துப் பார்த்தாள். இத்தனை வாரமாக மெஷின் கழுவியதா என்று எல்லா வீட்டிலும் கேட்டிருக்கிறாள். மெஷினுக்கு முன்னால் கழுவியது யார் என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. சாப்பிடுகிறவர்களையே கேட்டாளே தவிர, சாப்பிட்டு முடித்தபின் தொட்டிப் பக்கம் போய் நின்று பார்க்கவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே அதுதான்.

"இன்னைக்குச் சாப்பிட்டதும் யாரும் தட்டைத் தொடக் கூடாது" என்றாள். "நான் சொல்ற மாதிரி வைக்கணும்."

அன்று சாயங்காலமே சீக்கிரம் சாப்பிட்டார்கள். சோறும் முட்டையும் கீரையும். பெரிய விசேஷமில்லை. சாப்பிட்டு முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. அம்மா தட்டை எடுத்தாள். கால் தானாகத் தொட்டிப் பக்கம் திரும்பியது. மகள் குறுக்கே நின்றாள். அம்மா திரும்பி மெஷின் முன்னால் வந்தாள். தட்டில் சோற்றுப் பருக்கைகள், முட்டையின் மஞ்சள், கீரைத் தண்டு ஒன்று. நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"வைம்மா."

"வைக்கிறேன்."

"வை."

"கண்ணை மூடிக்கிட்டு வைக்கட்டுமா?"

"எப்படி வேணாலும் வை."

அம்மா நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தாள். டெப்போக்காரர் தன் தட்டை வைக்கும் முன் அதிலிருந்த கீரைத் தண்டை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதை மகள் கண்டுகொள்ளவில்லை. மாப்பிள்ளை மாவு காய்ந்த பெரிய கிண்ணத்தை, ஒரு சுரண்டல் இல்லாமல், கீழ்த்தட்டில் கவிழ்த்தார்.

அரை மணி நேரம் ஆயிற்று. மெஷின் நின்றது. கதவைத் திறந்ததும் ஆவியோடு ஒரு வாசனை வந்தது. போஸ்டர் ஒட்டுகிறவன் வாளியைக் கடந்து போனால் வருமே, அந்த வாசனை. கிண்ணத்தில் இருந்த மாவு போகவில்லை. வெந்து, இளகி, மற்ற எல்லாப் பாத்திரங்கள் மேலும் மெல்லிய பசையாகப் படிந்திருந்தது. தண்ணீரை அடிக்கும் சுழல்கையின் துளைகளெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன. இரண்டு தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

டெப்போக்காரர் அவற்றைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பளபளப்புன்னு பெட்டியில போட்டிருக்கே" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எங்களால உன் வேலைக்கு ஏதாவது..."

"ரிப்போர்ட்ல கையெழுத்து என்னோடதுப்பா."

"வேணும்னா நான் வந்து டைரக்டர்கிட்ட சொல்றேன். கழுவினது நான்தான்னு."

"வேணாம்பா. ஏற்கெனவே நிறைய உதவி பண்ணிட்டீங்க."

மாப்பிள்ளை ஒரு ஓரமாக நின்று கிண்ணத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சூடு பட்டா மாவு இப்படித்தான். பச்சைத் தண்ணியில முதல்ல அலசணும். நான் கடையில அப்படித்தான் பண்றேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கிண்ணம் எப்படி இருக்குன்னு கேட்ட. நான் எப்படிக் கழுவறேன்னு கேக்கலையே."

மகள் அந்தக் கிண்ணத்தை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்து வைத்தாள்.

மீட்டிங்கில் யாரையும் திடீரென்று தாக்கக்கூடாது என்பது அவள் தொழிலில் எழுதாத விதி. அதனால் மறுநாள் முதல் வேலையாகச் சோதனை அறைக்குப் போனாள். அங்கே இன்ஜினியர் இருந்தார். சட்டைப் பையில் எப்போதும் நட்டுகள் கலகலத்துக்கொண்டிருப்பதால் நட்டு என்று பட்டப்பெயர். மெஷினில் குறை என்று யாராவது சொன்னால் முதலில் அந்த ஆளிடம்தான் குறை தேடுவார்.

"வாங்க மேடம். சாப்பாடு கொண்டு வந்திருக்கீங்களா?"

"மாவு."

அவள் வாதாடவில்லை. முந்தின ராத்திரி பிசைந்த மாவு காய்ந்த இன்னொரு கிண்ணத்தை மெஷினில் வைத்துப் பட்டனை அழுத்திவிட்டு, இரண்டு டீ வாங்கி வந்தாள். இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்து குடித்தார்கள். மழை தகரக் கூரையில் கொட்டியது. மெஷின் நின்றதும் நட்டு கதவைத் திறந்தார். முகர்ந்தார். விரலால் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது.

"முதல் தண்ணியே சூடா வர்ற மாதிரி வச்சது நான்தான்" என்றார் கடைசியில். "எண்ணெய்ப் பிசுக்குக்குச் சூடு வேணும். அப்பத்தான் அரை மணி நேரத்துல முடியும்."

"எண்ணெய்க்கு வேணும். மாவுக்கு?"

"மாவு வெந்துடும்." கொஞ்சம் யோசித்தார். "எங்க வீட்டுல இப்படி ஆகலையே. அம்மா தினமும் சோத்துப் பானையைப் போடுறாங்க."

"கேட்டுப் பாருங்களேன்."

நட்டு போனை எடுத்தார். "அம்மா, மெஷின்ல பானையை எப்படி வைக்கிற? கழுவிட்டா?"

போனுக்கு வெளியேயும் கேட்கிற மாதிரி பதில் வந்தது. "பின்ன? நீ பண்ண மெஷின்டா. அதுல அசிங்கத்தை வைப்பேனா நானு?"

நட்டு போனைக் கீழே வைத்தார். பையில் நட்டுகள் சத்தம் போடவில்லை. "முதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம் சூடு. மாத்திடலாம். பெரிய வேலை இல்ல. ஆனா நாப்பது நிமிஷம் ஆகும்."

"சரி."

"சரின்னு சுலபமா சொல்றீங்க. பெட்டியில அஞ்சு பக்கமும் அரை மணின்னு இருக்கு. அந்த சேல்ஸ் ஆள் என்னைக் கொன்னுடுவாரு."

"உங்களை இல்ல, என்னைத்தான். அதுக்குத்தான் சம்பளம்."

மீட்டிங் அறையில் ஜன்னலோரம் முழுக்க அச்சடித்த பெட்டிகள் அடுக்கியிருந்தன. டைரக்டர் மேஜையின் தலைப்பக்கத்தில், நட்டு ஒரு பக்கம், விற்பனைத் தலைவர் எதிர்ப்பக்கம். விற்பனைத் தலைவர் விழாவில் பேசப்போகும் பேச்சை ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார். மகள் எழுந்து, பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து, மேஜை நடுவில் வைத்தாள்.

"சார், மெஷின் போகக் கூடாது."

சொல்லவேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னாள். வீட்டில் நடந்ததையும் ஒளிக்கவில்லை.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நூத்துக்கு நூறுன்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார். தப்பா எழுதினேன்."

"இவ்வளவு நாள் கழிச்சு வந்து தப்புன்னு சொன்னா? மண்டபம் பேசியாச்சு. பெட்டி அடிச்சாச்சு. உங்க வீட்டுல கழுவி வச்சாங்கங்கிறதுக்காகக் கம்பெனியே நிக்கணுமா?"

"எங்க வீட்டுல மட்டும்னா நிக்க வேண்டாம் சார். இன்ஜினியர் சார் வீட்டுலயும் அம்மா கழுவித்தான் வைக்கிறாங்க. உங்க வீட்டுல எப்படி சார்?"

"எங்க வீட்டுல யாரும் கழுவறதில்ல" என்றார் டைரக்டர் உடனே. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அதாவது, வேற யாரும் கழுவறதில்ல. நான்தான் சாப்பிட்டதும் ஒரு அலசு அலசி வைப்பேன். மனைவியும் பையனும் பக்கத்துல நின்னு துடைச்சு வைப்பாங்க, மனைவிக்கு அப்படி வச்சாத்தான் பிடிக்கும்."

நட்டு சிரிப்பை அடக்கி, நட்டுகள் கலகலக்காமல் சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சார் வீட்டுல?" என்று மகள் விற்பனைத் தலைவர் பக்கம் திரும்பினாள்.

"நாங்க எதையும் கழுவல" என்றார் அவர் பெருமையாக. "பெட்டியையே பிரிக்கல. ஹால்ல அப்படியே வச்சிருக்கோம். வர்றவங்க எல்லாரும் பெட்டி ரொம்ப நல்லாயிருக்குங்கிறாங்க."

"ரிப்போர்ட் குடுத்தீங்களே?"

"பெட்டியைப் பத்தித்தான் கேட்டீங்கன்னு நினைச்சேன்."

டைரக்டர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சுரண்டிய இடத்தில் நகம்தான் வளைந்தது. கடைக்குப் போயிருந்தால் எத்தனை வீட்டில் இதே கிண்ணம் இருந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அறைக்குள் அது கணக்காகிக்கொண்டிருந்தது.

"நாப்பது நிமிஷம்னு போட்டா ஒருத்தன் வாங்க மாட்டான்" என்றார் விற்பனைத் தலைவர். இப்போது அவர் குரலில் நிஜமான கவலை இருந்தது.

மகள் டைரக்டரைத்தான் கேட்டாள். "நீங்க அலசுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"கால் மணி."

"அப்புறம் மெஷின்ல அரை மணி. மொத்தம் முக்கால் மணி, அதுல கால் மணி நேரம் உங்க கை ஈரம். புதுசுல நாப்பது நிமிஷம், கை ஈரமே ஆகாது." அதோடு நிறுத்திக்கொண்டாள். வாக்கியத்தை முடிக்கவில்லை. தண்ணீரைக் குடித்தாள். அவளுக்குத் தெரிந்த வித்தைகளிலேயே கடினமானது இதுதான். நாக்கு நுனியில் நிற்கும் வார்த்தையை அடுத்தவர் கண்டுபிடிக்கும் வரை பேசாமல் இருப்பது.

விற்பனைத் தலைவர் ஜன்னலோரப் பெட்டிகளைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. "கழுவாம வைங்க" என்றார் மெதுவாக. மறுபடி கொஞ்சம் சத்தமாக, "கழுவாம வைங்க. சார், இதுதான் சார். இதையே போடுவோம். எல்லாரும் நேரத்தைச் சொல்றான், இதை எவனும் சொல்லல. இது எப்படி எனக்குத் தோணுச்சுன்னே தெரியல."

"உங்களுக்குத்தான் சார் தோணும்" என்றாள் மகள்.

மழைக்காலம் முடியும்வரை மெஷினை நிறுத்திவைப்பது என்று முடிவாயிற்று. எல்லா வீடுகளிலும் மறுபடி சோதனை, இந்த முறை எச்சிலோடு. டைரக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு நன்றாகத் திட்டினார். திட்டி முடித்து அனுப்பும்போது, "அந்தக் கிண்ணத்தை இங்கேயே வச்சுட்டுப் போங்க" என்றார்.

வீட்டில் மூன்று பேரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

"திட்டினாங்களா?" என்றார் டெப்போக்காரர்.

"திட்டினாங்க."

"வேலை?"

"இருக்கு."

"மெஷின்?"

"நிறுத்திட்டேன்."

"நீயா?"

"நான்தான். மொத்தமும் நிக்குது."

அம்மா போய் டீ போட்டாள். மாப்பிள்ளை தன் கிண்ணம் எங்கே என்று கேட்டு, டைரக்டர் மேஜையில் இருக்கிறது என்று தெரிந்ததும், நாளைக்கு மாவு எதில் பிசைவது என்ற கவலையோடும், கிண்ணம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றிய சந்தோஷத்தோடும் கடைக்குப் போனார். டெப்போக்காரர் மகளின் குடையை எடுத்துக்கொண்டு நேரே எதிர்வீட்டுக்குப் போனார். தையல்காரர் காஜா போட்டுக்கொண்டிருந்தார்.

"விழா தள்ளிப் போகுது" என்றார் டெப்போக்காரர்.

"ஐயோ. என்னங்க ஆச்சு? பாப்பாவுக்கு ஏதாவது..."

"பாப்பாதான் நிறுத்திட்டா. டைரக்டர் போகட்டும்கிறாரு, சேல்ஸ்காரன் போகட்டும்கிறான், பெட்டி மண்டபம் எல்லாம் ரெடி. இவ ஒருத்தி எழுந்து நின்னு போகக் கூடாதுன்னுட்டா."

"அவங்க கேட்டுக்கிட்டாங்களா?"

"கேக்காம? நான் இருந்த டெப்போவுல வண்டியை அனுப்ப நூறு பேர் இருந்தான். ஆளெல்லாம் ஏறி உக்காந்த பிறகு, பிரேக் சரியில்ல, இறங்குங்கன்னு சொல்றதுக்கு ஒருத்தனும் இல்ல. நான்கூடச் சொன்னதில்ல." குடையை மடக்கி ஓரமாகச் சாய்த்தார். "எம் பொண்ணு சொல்லிட்டா."

தையல்காரர் ஊசியை நிறுத்தி, "அப்ப நிஜமாவே எல்லாரும் பாப்பாவுக்குக் கீழதான்" என்றார்.

"நான் அன்னைக்கே சொல்லலையா?"

மழை விட்டு, ரோடு காய்ந்து, வெயில் உறைக்கத் தொடங்கிய பிறகு விழா நடந்தது. மண்டபத்தில் தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. தையல்காரரின் சட்டை கொஞ்சம் இறுக்கமாகியிருந்தது. மேடையில் ஒரு மெஷின், அதன் மேல் புது வாசகம். மாவு காய்ந்த கிண்ணம் ஒன்றை எல்லோருக்கும் காட்டி, உள்ளே வைத்து மூடினார்கள். நாற்பது நிமிடமும் விற்பனைத் தலைவர் பேசினார். அந்த வாசகம் தனக்கு எப்படித் தோன்றியது என்பதை மட்டும் இரண்டு விதமாகச் சொன்னார். கதவைத் திறந்து கிண்ணத்தைத் தூக்கிக் காட்டியபோது மண்டபத்து விளக்கெல்லாம் அதில் தெரிந்தது. நட்டு மேடை ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் பின்வரிசையில் ஒரு தூண் பக்கத்தில் நின்றிருந்தாள். மேடையில் அவளுக்கு நாற்காலி போடவில்லை. முன்வரிசையில் அப்பா, அம்மா, கணவர் மூன்று பேரின் பின்மண்டையையும் பார்த்துக்கொண்டு நின்றதில் அவளுக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

கடைசியாக டைரக்டர் பேச வந்தார். குரல் கம்பீரமாகத்தான் இருந்தது.

"இந்த மெஷினுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. தினமும் தொட்டி முன்னால் நின்று, கை ஈரமாகி, பொறுமையோடு துணை நின்ற குடும்பம். அவர்கள் இங்கேதான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம் நன்றி."

டெப்போக்காரர் எழுந்தார். மனைவியைக் கையைப் பிடித்து எழுப்பினார். மாப்பிள்ளை தானே எழுந்தார். மூன்று பேரும் கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றார்கள். தெரு முழுக்கக் கை தட்டியது. தையல்காரர் விசிலடித்தார். டெப்போக்காரர் ஒரு கையை உயர்த்தி நாலா பக்கமும் காட்டி, தட்டல் ஓயும்வரை நின்று, பிறகு நிதானமாக உட்கார்ந்தார். தூண் பக்கத்தில் மகளும் தட்டிக்கொண்டிருந்தாள்.

டைரக்டர் சொன்னது தன் மனைவியையும் மகனையும். அவர்கள் இரண்டாம் வரிசையில் பாதி எழுந்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.